'ஏற்கிறேன்' என்று அழுத்தும் முன்...

"ஏனுங்க சார், உங்களுக்கும் பூஞ்சாண மருந்து விக்கறவங்க போன் பண்ணாங்களா?"

பக்கத்துத் தோட்டத்துத் தம்பி இப்படிக் கேட்டபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. எனக்கும் வந்திருந்தது, ஒரே வாரத்தில் மூன்று முறை. பேசியவர் என் பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார். "மஞ்சள்ல இலைப்புள்ளி வந்திருக்குதுங்களாமே, மருந்து அனுப்பட்டுங்களா?" என்று கேட்டார். ஆறு வருஷமாக ரசாயனம் வாசல் தாண்டாத தோட்டம் என்னுடையது. புளித்த மோரும் பஞ்சகவ்யாவும்தான் எங்கள் மருந்து. என் வயலில் புள்ளி விழுந்தது இவருக்கு எப்படித் தெரியும்?

யோசித்துப் பார்த்தோம். பத்து நாள் முன்பு நாங்கள் இருவரும் ஒரே செயலியை இறக்கி, மஞ்சள் இலையைப் படம் எடுத்துப் போட்டு, என்ன நோய் என்று கேட்டிருந்தோம். அந்தச் செயலி மூலமாகத்தான் தகவல் போனது என்று நிரூபிக்க என்னிடம் ஆதாரம் இல்லை. அதனால் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அன்று ராத்திரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நான் படிக்காமலே 'ஏற்கிறேன்' என்று அழுத்தியிருந்த நிபந்தனைகளை முழுசாகப் படித்தேன். ஒன்றேகால் மணி நேரம் ஆனது.

அதில் இருந்தவை இவை. என் பெயர், போன் எண், இருப்பிடம், பயிர் விவரம் எல்லாவற்றையும் 'வணிகப் பங்குதாரர்களுடன்' பகிர்ந்துகொள்ளலாம். நான் அனுப்பும் படங்களை உலகம் முழுவதும், எனக்கு எந்தத் தொகையும் தராமல், நிரந்தரமாகப் பயன்படுத்தலாம். இந்த நிபந்தனைகளை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். எல்லாவற்றுக்கும் நான் சம்மதித்திருக்கிறேன்.

கவுண்டருக்கு அந்தப் பக்கம்

இதில் எனக்குக் கூடுதல் வெட்கம் உண்டு. 33 வருஷம் வங்கியில் இருந்தவன் நான். கடன் பத்திரத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, "இங்க இங்க கையெழுத்து போடுங்க" என்று நீட்டியவன். யாரும் படித்ததில்லை. வெளியே இருபது பேர் நிற்கும்போது படிக்க நானும் நேரம் கொடுத்ததில்லை. ஒருமுறை, பங்காளிக்கு ஜாமீன் போட்ட ஒரு பெரியவருக்கு வசூல் நோட்டீஸ் போனது. அதை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். "ஜாமீன்னா நானே கட்டோணும்னு அன்னைக்குச் சொல்லலீங்களே சார்" என்றார். பத்திரத்தில் எழுதியிருந்தது. நான் வாயால் சொல்லவில்லை. அவர் சொன்னதுதான் நியாயம்.

அந்தப் பெரியவருக்காவது வந்து கேட்க ஒரு மேசையும் ஓர் ஆளும் இருந்தது. போனில் அதுவும் கிடையாது.

எல்லாவற்றையும் படிக்க முடியுமா?

முடியாது. இதை முதலிலேயே ஒப்புக்கொள்வோம். அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-ல் கணக்குப் போட்டார்கள். ஒருவர் ஒரு வருஷத்தில் பார்க்கும் இணையதளங்களின் தனியுரிமை அறிவிப்புகளை வரி விடாமல் படிக்க 200 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று வந்தது. இன்றைக்கு நம் போனில் இருக்கும் செயலிகளுக்கு எவ்வளவு ஆகும் என்று நீங்களே யோசியுங்கள்.

2017-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரைச் சேர்ந்த பர்ப்பிள் என்ற வைஃபை கம்பெனி வேண்டுமென்றே ஒரு சோதனை செய்தது. இலவச வைஃபைக்கான நிபந்தனைகளில் 'பொதுக் கழிப்பறை கழுவுவது உட்பட 1,000 மணி நேரம் சமூக சேவை செய்வேன்' என்று ஒரு வரி சேர்த்தது. இரண்டு வாரத்தில் 22,000 பேர் ஒப்புக்கொண்டார்கள். அந்த வரியைக் கண்டுபிடித்துச் சொன்னவர் ஒரே ஒருவர். ஆகவே இது படிப்பறிவு இல்லாதவர் பிரச்சினை இல்லை. படிக்க முடியாத நீளத்தில் எழுதுவதுதான் பிரச்சினை.

நம் தகவலுக்கு என்ன விலை?

"நம்மகிட்ட என்னங்க இருக்குது மறைக்க?" என்று பலர் கேட்கிறார்கள். மறைப்பது பற்றிய பேச்சே இல்லை இது. எத்தனை ஏக்கர், என்ன பயிர், எந்த மாதம் அறுவடை, எந்த நோய், எப்போது கைமுடை. இவ்வளவும் தெரிந்த வியாபாரி உங்கள் களத்துக்கு வந்தால் விலையை யார் சொல்வார்? அடுத்த வாரம் கல்யாணச் செலவு இருப்பது தெரிந்தால் வியாபாரி எப்படிப் பேசுவார் என்பது நமக்குத் தெரியும். அந்த ரகசியத்தை முன்பு நாம் வாயை மூடிக் காத்தோம். இப்போது விரலால் கொடுத்துவிடுகிறோம்.

கடன் செயலிகள் இதைவிட மோசம். போனில் உள்ள தொடர்பு எண்களை எல்லாம் எடுத்துக்கொண்டு, தவணை தவறியதும் சம்பந்தி வீட்டுக்கும் ஊர்க்காரருக்கும் போன் போட்டு மானத்தை வாங்கிய கதைகள் நாடு முழுக்க வந்தன. உயிரை விட்டவர்களும் உண்டு. அதற்குப் பிறகுதான் ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் டிஜிட்டல் கடனுக்கு விதிமுறை கொண்டுவந்தது. அதன்படி கடன் செயலிகள் உங்கள் தொடர்பு எண்கள், படங்கள், கோப்புகள், அழைப்புப் பட்டியல் எதையும் தொடக்கூடாது. கேமரா, மைக், இருப்பிடம் மட்டும், அதுவும் ஆள் அடையாளம் சரிபார்க்க ஒருமுறை, உங்கள் சம்மதத்தோடு. வருஷத்துக்கு மொத்தச் செலவு எத்தனை சதவீதம் என்று காட்டும் சுருக்க அறிக்கையையும் முன்கூட்டியே தர வேண்டும். தொடர்பு எண்களைக் கேட்கும் கடன் செயலியா? அந்த இடத்திலேயே அழித்துவிடுங்கள்.

சட்டம் நமக்கு என்ன தருகிறது?

தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். வழக்குப் போட்டவர் ஓய்வு பெற்ற கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி புட்டசாமி. 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான பிரிவுகள் நடைமுறைக்கு வர 18 மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தச் சட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. மருத்துவ ஆலோசனை தரும் செயலி ஒன்று தொடர்பு எண்களையும் கேட்கிறது, நீங்களும் சரி என்கிறீர்கள். ஆனால் வைத்தியத்துக்குத் தொடர்பு எண்கள் தேவையில்லை. ஆகவே அந்தச் சம்மதம் வைத்தியத்துக்குத் தேவையான தகவலுக்கு மட்டும்தான் செல்லும். பயிர் நோய்ச் செயலிக்கும் இதே நியாயம்தான். அறிவிப்பைத் தமிழில் கேட்கலாம். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், அது கொடுத்த அளவுக்கே சுலபமாக இருக்க வேண்டும். தகவலை அழிக்கச் சொல்லலாம்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். தன் அமைப்புகளுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு அளிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசு கையில் வைத்திருக்கிறது. அது பற்றி நம் இயக்கம் தொடர்ந்து கேள்வி கேட்க வேண்டும்.

இன்றைக்கே செய்யக்கூடியது

1. செயலி எதைக் கேட்கிறது, அதன் வேலைக்கு அது தேவையா என்று பாருங்கள். இலையைப் படம் எடுக்கக் கேமரா வேண்டும். தொடர்பு எண்கள் எதற்கு? மழை நிலவரத்துக்கு ஊர் போதும். மைக் எதற்கு?

2. போனில் செட்டிங்ஸ், ஆப்ஸ், பர்மிஷன்ஸ் என்று வரிசையாகப் போனால் யாருக்கு என்ன அனுமதி கொடுத்திருக்கிறோம் என்பது தெரியும். வேண்டாததை நிறுத்துங்கள். இருப்பிடத்துக்கு 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று வையுங்கள்.

3. நிபந்தனைகள் முழுவதையும் படிக்க முடியாவிட்டால் மூன்று இடங்களை மட்டும் தேடிப் படியுங்கள். யாருடன் பகிர்வார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், எப்படி அழிப்பது.

4. செயலியை நீக்கினால் போனிலிருந்துதான் போகும். கம்பெனியிடம் இருப்பது அப்படியே இருக்கும். முதலில் உள்ளே போய்க் கணக்கை அழியுங்கள், பிறகு செயலியை நீக்குங்கள்.

5. கடன் செயலி மிரட்டினாலோ பணம் பறிபோனாலோ உடனே 1930 எண்ணை அழையுங்கள். வெட்கப்பட்டுத் தாமதிக்காதீர்கள்.

செயலியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மழையையும் சந்தை விலையையும் நானும் போனில்தான் பார்க்கிறேன். ஆனால் நோய் என்று வந்தால் இப்போது முதலில் இலையைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துக்குப் போகிறேன்.

தம்பியும் நானும் போன வாரம் திண்ணையில் உட்கார்ந்து இருவர் போனையும் பார்த்தோம். அவர் போனில் பதினொரு செயலிகள் தொடர்பு எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. என்னுடையதில் ஒன்பது. டார்ச் லைட் செயலியும் அதில் ஒன்று. இருவருக்கும் சேர்த்து அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. அடுத்த மாதக் கூட்டத்தில் இதை எல்லோருக்கும் செய்து காட்டலாம் என்றிருக்கிறேன். வரும்போது போனையும் கண்ணாடியையும் மறக்காமல் கொண்டு வாருங்கள். இந்த முறை ஒவ்வொரு வரியையும் வாயால் சொல்கிறேன்.