எழுத்துச் சரமும் கணிப்பொறியும்

நிரல் எழுதப் புகும் மாணாக்கர் முதலிற் கற்பன எண்களைக் கூட்டலும் பெருக்கலுமாம். அவ்வளவில் அவர்க்குத் தடையொன்றும் நேர்வதில்லை. பெயர், ஊர், முகவரி முதலியவற்றைப் பொறியினுட் செலுத்தி, அவை செவ்வையாயுளவோ என ஆராயப் பணித்தவிடத்தேதான் இடர் தோன்றுகின்றது. எழுத்துக்கள் ஒன்றன்பின் ஒன்றாய்க் கோக்கப்பட்ட தொடரைச் சரம் என்பர். பூச்சரத்தை நினைப்பூட்டும் இப்பெயர் நன்றே.

நம் வகுப்பில் நிகழ்ந்ததொன்றைக் கூறுவோம். 'பெயரில் எழுத்தன்றி வேறொன்றும் இருத்தலாகாது' என்னும் விதியைப் பைத்தான் மொழியில் எழுதுமாறு பணித்தோம். அம்மொழியில் ஒரு சரம் முழுதும் எழுத்தோ என வினவுதற்கு 'இஸ்ஆல்பா' என்றொரு கட்டளை உண்டு. மாணாக்கர் ஒருவர் அதனைக் கொண்டு நிரல் செய்து, ஆங்கில எழுத்திற் பல பெயர்களை இட்டுப் பார்த்தார், யாவும் தேறின. பின்னர்த் தம் பெயரைத் தமிழில் இட்டார். 'இது பெயரன்று' என்று விடை வந்தது. வகுப்பு நகைத்தது, அவர் நகைத்திலர். விண்ணப்பம் நிரப்பும் ஏழையொருவர்க்கு இவ்விடை கிடைப்பின் அவர் யாரிடஞ் சென்று முறையிடுவார்?

இதன் காரணம் யாதெனின், பொறி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். ஒவ்வோர் எழுத்திற்கும் ஓரெண் வகுத்துக் கொடுத்தல் வேண்டும். 1963-ல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆஸ்கி முறையில் 128 இடங்களே உள. அவற்றுட் பிறமொழி எழுத்திற்கு இடமில்லை. 1991-ல் வெளிவந்த யூனிகோடு முறை தமிழையும் சேர்த்துக்கொண்டது. ஆயினும் நம் 247 எழுத்துக்கட்கும் தனித்தனி எண் அளித்திலது. அகரமேறிய 'க' ஓரெண்; அதன்மேலிடும் புள்ளி மற்றோரெண். நம் இலக்கணம் மெய்யினின்று உயிர்மெய்யைப் பிறப்பிக்கப் பொறியோ உயிர்மெய்யினின்று மெய்யைப் பிறப்பிக்கின்றது! காலும் கொம்பும் சுழியும் அங்ஙனமே தனித்தனிக் குறிகளாம். இக்குறிகளைப் பைத்தான் எழுத்தென ஏற்பதில்லை. புள்ளியும் காலும் கொம்பும் இன்றி எழுதத்தக்க பெயருடையார் நம்மில் எத்துணையர்?

ஆதலின் 'தமிழ்' என்னும் சொல்லையே முதற்பாடமாகக் கொள்ளுக. அதன் நீளம் யாதென மாணாக்கரை வினவின் மூன்றென்பர். பொறி ஐந்தென்னும்: த, ம, இகரக்குறி, ழ, புள்ளி. அச்சரத்தைத் தலைகீழாகத் திருப்பின், புள்ளி பற்றுக்கோடின்றி முன்னே நிற்க, 'ழிமத' எனப் பின்தொடரும். மகரத்தின் இகரம் ழகரத்தின் மேல் ஏறிவிட்டமை காண்க. இதனைக் கண்ணாரக் கண்ட மாணாக்கர்க்கு நீண்ட விரிவுரை வேண்டா. ஒவ்வோரிடமும் எவ்வகையினது என அறிவிக்கும் தொகுதி பைத்தானிலேயே உண்டு; அதன் துணையாற் குறிகளை விடுத்து எழுத்துக்களை மட்டும் எண்ணின் மூன்றென வரும். 'க்ஷ' இம்முறையில் இரண்டாகும். அதனைத் திருத்துதல் நல்லதொரு பயிற்சி.

இதனினும் நுண்ணியதொன்றுண்டு. 'கொ' என்பதைக் ககரத்தோடு ஒகரக்குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, பொறிக்கு வெவ்வேறு. ஒருவர் 'கொற்கை' எனப் பதிந்ததை மற்றொருவர் அதே சொல்லையிட்டுத் தேடியும் காணாதொழிவது இதனாலேயே. ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவிற்குக் கொணர்தல் வேண்டும், அதற்கும் கட்டளையுண்டு.

நிற்க. ஆராய்ச்சிக்குரிய விதிகளைக் கற்பிக்க அஞ்சற் குறியீட்டெண் தக்கது. 1972-ல் இந்தியாவில் ஏற்பட்ட இவ்வெண்ணில் ஆறிலக்கங்கள் உள, முதலிலக்கம் சுழியன்று. இது கூட்டிப் பெருக்கற்குரிய எண்ணன்று, சரமே. சென்னையின் தொலைபேசிக் குறியாகிய 044-ஐ எண்ணாக மாற்றின் முன்னின்ற சுழி மறைந்து 44 ஆவது காண்க. மக்களிற் பலர் மூன்றிலக்கத்தின்பின் சிறிது இடம் விட்டு எழுதுவர். அவ்வெற்றிடத்தையும் எண்ணி 'ஏழு' என்று தள்ளும் நிரல் மூடநிரல். முதலில் வெற்றிடம் நீக்குக, பின்னரே எண்ணுக. தமிழிலக்கங்களையும் பைத்தான் இலக்கமென்றே ஏற்கும். அவற்றை ஏற்பதோ மாற்றிக்கொள்வதோ நிரலாசிரியர் முன்னரே துணிதல் வேண்டும். ஆறிலக்கமும் அமைந்தமையால் அவ்வெண்ணுக்குரிய அஞ்சலகம் உண்டென்பது பெறப்படாது. வடிவம் வேறு, உண்மை வேறு.

பெயருக்கோ இத்தகைய விதிகள் மிகக் குறைவாகவே இருத்தல் வேண்டும். தலைப்பெழுத்தும் அதன் புள்ளியும், ஒற்றைப் பெயரும், இடைவெளியும் யாவும் பெயரின் பகுதியே. வெற்றாய் விடப்படவில்லை என்பதையும், அளவிறந்து நீளவில்லை என்பதையும் நோக்கின் போதும். தள்ளவேண்டி வந்தவிடத்தும் 'பிழை' என்னும் ஒரு சொல்லோடு நிறுத்தலாகாது. 'ஆறிலக்கம் வேண்டும், தாங்கள் இட்டவை ஐந்து' என்றெழுத நம் மாணாக்கரைப் பழக்குகின்றோம். அன்று நகையாது நின்ற அம்மாணாக்கரே இப்போது வகுப்பில் ஏனையோர் நிரல்களைத் தம் பெயரையிட்டுச் சோதிக்கின்றார்.