எக்ஸ்ரே: பொத்தானை அழுத்துவதற்கு முன்

"தாடையைத் தூக்கி வைங்க. கை ரெண்டும் இடுப்புல. தோளை முன்னால தள்ளுங்க பாட்டி. மூச்சை நல்லா இழுங்க… அப்படியே பிடிங்க, விடாதீங்க."

நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தவர்களுக்கெல்லாம் பழகிய வார்த்தைகள். ரேடியோகிராபி படிக்கும் மாணவர் மருத்துவமனைப் பயிற்சிக்கு வந்த சில நாளிலேயே இதை மனப்பாடமாகச் சொல்லிவிடுவார். ஒவ்வொரு சொல்லும் படத்தில் என்ன வேலை செய்கிறது என்பது பிடிபடத்தான் காலமாகும்.

1895இல், எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ராண்ட்ஜன் தன் மனைவியின் கையைப் படமெடுக்கச் சுமார் 15 நிமிடம் பிடித்தது. இன்று நெஞ்சுப் படத்துக்கு ஒரு நொடியில் சிறு பங்கு போதும். பிறகு ஏன் மூச்சைப் பிடிக்க வேண்டும்? அசையாமல் இருக்க மட்டுமல்ல. மூச்சு முழுதாக உள்ளே போனால் உதரவிதானம் இறங்கி, நுரையீரலின் அடிப்பகுதி விரிந்து தெரியும். அரைமூச்சில் எடுத்தால் அங்கே ரத்தக்குழாய்கள் நெருங்கி, இல்லாத நிமோனியாவைக் காட்டும். இதயமும் பெருத்துத் தெரியும். தோளை முன்னால் தள்ளுவது, தோள்பட்டை எலும்பு நுரையீரல் மேல் விழாமல் விலக. நோயாளி கோணலாக நின்றாரா என்பதைக் காறை எலும்புகள் சொல்லிவிடும்: இரண்டின் உள்முனைகளும் நடுக்கோட்டிலிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும். தேறிய மாணவர் படம் திரையில் வந்ததும் முதலில் பின்பக்க விலா எலும்புகளைத்தான் எண்ணுவார். ஒன்பது, பத்து தெரிந்தால் மூச்சு போதும்.

இதைவிடக் கடினமான பாடம் ஒன்று உண்டு. பிலிம் காலத்தில் கதிர் கூடினால் படம் கறுத்துத் தவறு உடனே தெரிந்துவிடும். டிஜிட்டலில் மென்பொருள் அதைச் சரிக்கட்டிவிடுகிறது. கதிர் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாக வரும், டாக்டர் திருப்பி அனுப்புவார். கூடினால் வழவழப்பாக வரும், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அதனால் கை மெல்ல மெல்ல அதிகப் பக்கமே சாய்கிறது. ஒரு நெஞ்சுப் படத்தின் கதிரளவு இயற்கையிலிருந்து சில நாளில் நம்மேல் படும் அளவுதான் என்பது உண்மை. ஆனால் இன்குபேட்டரில் கிடக்கும் குறைமாதக் குழந்தைக்குத் திரும்பத் திரும்பப் படம் எடுக்க நேரும். அதனால் பயிற்சி ஏட்டில் மாணவர் எத்தனை படம் எடுத்தார் என்று எழுதினால் மட்டும் போதாது. எத்தனை திரும்ப எடுத்தார், எதனால் என்பதும் ஏற வேண்டும்.

மாணவரின் வளர்ச்சியை எனக்கு மிகத் தெளிவாகக் காட்டுவது அவசரச் சிகிச்சைப் பிரிவுதான். குளியலறையில் வழுக்கி விழுந்த மூதாட்டி ஸ்ட்ரெச்சரில் வருகிறார். இடுப்பில் முறிவு என்று சந்தேகம். தொடை எலும்பின் கழுத்து முழு நீளத்தில் தெரிய, பாதங்களைச் சுமார் 15 டிகிரி உள்பக்கம் திருப்பச் சொல்கிறது பாடம். புதிய மாணவரின் கை பாதத்தை நோக்கிப் போகும். அனுபவம் வந்தவர் தொடமாட்டார். முறிந்த இடத்தைத் திருப்பினால் எலும்பு இன்னும் விலகலாம். ஆனால் ஒரே கோணத்தில் முறிவு ஒளிந்துகொள்ளும், பக்கவாட்டுப் படமும் வேண்டும். அதற்கு நல்ல காலை மடக்கித் தூக்கித் தாங்கலில் வைப்பார். எக்ஸ்ரே குழாயைப் பக்கவாட்டில் இறக்கி, தூக்கிய காலுக்கு அடியில் கதிரைக் கிடைமட்டமாக அனுப்புவார். இரண்டாவது படமும் கிடைத்துவிடும். அடிபட்ட காலை அசைக்க வேண்டியதே இல்லை.