வயிற்றுவலி இல்லாத வயிற்றுவலி

அந்தப் பையனை நான் முதன்முதலில் பார்த்தது 2020 ஜனவரியில். முதலாம் ஆண்டு, என் வகுப்பு. ஜோகூர் பாருவுக்கு வெளியே உள்ள ஒரு தமிழ்ப்பள்ளி. பள்ளியின் பெயரும் பையனின் பெயரும் வேண்டாம். அப்பாவுக்குச் சிங்கப்பூரில் வேலை. விடியற்காலை நாலரைக்கு மோட்டாரை எடுத்தால் இரவு ஒன்பதுக்குத்தான் வீடு. பிள்ளை எழும்போது அப்பா இருக்க மாட்டார், தூங்கிய பிறகு வருவார். இந்த ஊரில் எத்தனையோ குடும்பங்களின் கதை இது. எங்கள் வகுப்பிலேயே ஏழெட்டுப் பேர் அப்படி.

மார்ச் 16-ஆம் தேதி இரவு நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அறிவித்தார்கள். 18-ஆம் தேதி முதல் எல்லை மூடல். 17-ஆம் தேதி இரவு பாலத்தில் நின்ற கூட்டத்தை ஜோகூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டோம். பையில் நான்கு சட்டையோடு அந்தக் கூட்டத்தில் இவனுடைய அப்பாவும் நின்றார். "ரெண்டு வாரம்தான்டா" என்று மகனிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் பொய் சொல்லவில்லை. ஆணை அப்போது மார்ச் 31 வரைதான். ஒரு கிலோமீட்டரைவிடச் சற்றே நீளமான பாலம் அது. அதைத் தாண்டித் திரும்பி வர அவருக்கு 22 மாதங்கள் ஆயின. 2021 நவம்பர் 29-ல் தடுப்பூசி போட்டவர்களுக்கான பேருந்துகள் ஓட ஆரம்பித்தன. அவருக்கு டிக்கெட் கிடைத்தது ஜனவரியில்.

வாசலில் நின்ற அப்பாவைப் பார்த்துப் பையன் பாட்டியின் பின்னால் ஒளிந்துகொண்டானாம். பிறகுதான் எனக்கு இது தெரியும். தெரிந்திருக்க வேண்டிய நேரத்தில் தெரியவில்லை.

2022-ல் பள்ளி முழுமையாகத் திறந்தபோது அவன் மூன்றாம் ஆண்டு. மறுபடியும் நான்தான் வகுப்பாசிரியை. எங்களுக்கெல்லாம் ஒரே பதற்றம். பள்ளி திறந்து மூடி, திறந்து மூடி, இரண்டு ஆண்டு போய்விட்டது. மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளில் பலர் எழுத்துக் கூட்டித்தான் படித்தார்கள். அந்த அவசரத்தில் ஒரு நாள் அவனை எழுப்பி வாசிக்கச் சொன்னேன். சத்தமே வரவில்லை. "ரெண்டு வருஷமா வீட்டுல என்ன செஞ்சே?" என்று நாற்பது பிள்ளைகள் முன்னால் கேட்டுவிட்டேன். வகுப்பு சிரித்தது.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் பாட்டி வந்தார்.

"டீச்சர், கிளினிக்குல காட்டிட்டோம். ஒண்ணும் இல்லேங்கிறாங்க. ஆனா வேன் சத்தம் கேட்டா வயித்தைப் பிடிச்சிக்கிட்டு உட்கார்ந்துடுறான். ஞாயித்துக்கிழமை காலையிலதான் ரொம்ப."

ஞாயிறு என்றதும் எனக்கு உறைத்தது. வெளி மாநில வாசகர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். 2014 முதல் 2024 கடைசி வரை ஜோகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். சிங்கப்பூரிலோ சனி, ஞாயிறு. அந்த ஏப்ரலில் எல்லை முழுதாகத் திறந்து அப்பா மறுபடி தினமும் வந்துபோனார். ஆனால் சனிக்கிழமையும் அவருக்கு வேலை. அவர் வீட்டில் இருக்கும் ஒரே நாளில் பையன் பள்ளிக்கு வர வேண்டும். வேனில் ஏறினால், அப்பா மறுபடி போய்விடுவார் என்ற பயம். ஏறி வந்தாலோ, இங்கே சிரிக்கிற வகுப்பு. வலி உண்மையான வலிதான். அது வயிற்றில் வந்ததே தவிர, புறப்பட்ட இடம் வேறு.

பிள்ளைகள் "எனக்கு மனசு சரியில்லை" என்று சொல்வதில்லை. தலைவலி என்பார்கள், காலணி கடிக்கிறது என்பார்கள், பென்சில் பெட்டியைத் தொலைப்பார்கள். நாமும் "நடிக்கிறான்" என்போம். ஒரே கிழமையில், ஒரே நேரத்தில் வலி வருகிறதா என்று நாட்காட்டியில் குறித்துப் பார்த்தாலே பாதி விஷயம் பிடிபடும்.

நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். வகுப்பு முன்னால்தான் கேட்டேன், தவறும் அங்கேதானே நடந்தது. சுலபமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். முப்பது வருட சர்வீஸ்!

பிறகு அவனுக்கு ஒரு வேலை கொடுத்தேன். தினமும் காலையில் வருகைப் பதிவேட்டை அலுவலகத்தில் கொடுத்து, அங்குள்ள கிராணியிடம் இன்று எத்தனை பேர் வரவில்லை என்று மலாயில் ஒரு வரி சொல்ல வேண்டும். முதல் வாரம் பதிவேட்டை மேசையில் வைத்துவிட்டு ஓடிவந்தான். இரண்டாவது வாரம் விரலைக் காட்டினான். ஏறக்குறைய ஒரு மாதம் கழித்துத்தான் வாய் திறந்தது. தைரியம் பேச்சுப் போட்டி மேடையில்தான் வரும் என்று நினைக்கிறோம். கூச்சமுள்ள பிள்ளையை மேடையில் தள்ளுவது நீந்தத் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளுவது மாதிரிதான். ஒரே ஆள், ஒரே வரி, தினமும். அவனுக்கு அது போதுமாக இருந்தது.

அப்பாவிடமும் பேசினேன். நல்ல மனிதர். "நான் பிள்ளைக்காகத்தானே டீச்சர் அங்க போறேன்" என்றார். அதில் தப்பில்லை, ஆனால் திரும்பி வருவேன் என்று அவனுக்குக் கண்ணில் தெரிய வேண்டும் என்றேன். அன்று முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் வேன் வேண்டாம் என்று அவரே மோட்டாரில் கொண்டுவந்து விட்டார். மதியம் மணி அடிக்கும்போது வாசலிலும் அவரே நின்றார். வயிற்றுவலி அந்தத் தவணை முடிவதற்குள் நின்றுபோனது. 2025 ஜனவரி முதல் ஜோகூரும் சனி, ஞாயிறுக்கு மாறியபோது, நான் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தேன், முதலில் இந்தக் குடும்பத்தைத்தான் நினைத்தேன்.

இந்த ஆண்டு ஜனவரியில் அவனுடைய அம்மா போன் செய்தார். அழுகை. "டீச்சர், படிவம் ஒன்றுல போடல. பெராலிஹான்ல போட்டுட்டாங்க. பெயில் ஆயிட்டானா?"

மலாய்மொழியில் போதிய அடைவு பெறாத தமிழ், சீனப்பள்ளி மாணவர்கள் படிவம் 1-க்கு முன்பு ஓராண்டு படிக்கும் புதுமுக வகுப்பு அது. "இல்லம்மா, நானே அதுல படிச்சவதான்" என்றேன். குளுவாங் பக்கத்துத் தோட்டப் பள்ளியிலிருந்து வந்தவள் நான். கேண்டீனில் தண்ணீர் வாங்கக்கூட வாய் வராமல் தாகத்தோடு வகுப்புக்குத் திரும்பியிருக்கிறேன். அந்த ஒரு வருடம் இல்லாவிட்டால் நான் பள்ளியை விட்டே ஓடியிருப்பேன். உறவினர் முன்னால் "ஒரு வருஷம் வேஸ்ட்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். பாடம் கடினம் என்பதைவிட, தன்னால் வீட்டுக்கு அவமானம் என்ற எண்ணம்தான் இந்த வயதில் பிள்ளையை உடைக்கிறது. சுகாதார அமைச்சின் 2022 ஆய்வில் 13 முதல் 17 வயது மாணவர்களில் நால்வரில் ஒருவரிடம் மனச்சோர்வு தெரிந்திருக்கிறது. நம் வீட்டில் இல்லை என்று தள்ளிவிட முடியாத கணக்கு.

இடைநிலைப் பள்ளிகளில் முழுநேர ஆலோசக ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தோட்டப்புறச் சிறிய தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் அந்த வசதி இல்லாததால் நம் பெற்றோருக்கு அது பழக்கமில்லை. அந்த அறைக்குப் போனால் பிள்ளை ஏதோ குற்றம் செய்துவிட்டான் என்று நினைக்கிறார்கள். பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், யாரிடமும் பேசாமல் நாட்கள் போனால் 15999 தாலியான் காசே எண்ணுக்கோ, சுகாதார அமைச்சின் 15555 எண்ணுக்கோ அழைக்கலாம்.

போன வாரம் அந்த அம்மா மறுபடி அழைத்தார். பையன் ஓய்வு நேரத்தில் இன்னொரு புதுமுக வகுப்புப் பையனோடு ஆலோசக ஆசிரியர் அறைக்குப் போய் கேரம் விளையாடுகிறானாம். யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள், போகாதே என்று சொல்லட்டுமா என்று கேட்டார்.

அவன் அங்கே பேசுகிறானா என்று கேட்டேன்.

"மலாய்ல சண்டை போடுறானாம் டீச்சர், காய் நகர்த்திட்டான்னு."

விளையாடட்டும், விடுங்கள் என்றேன்.