ஆயில் என்ஜின் நின்று விட்டால் என்ன செய்வது?

காவிரிக் கடைமடையில் வாய்க்கால் நீரை வயலுக்கு ஏற்ற ஆயில் என்ஜினை நம்பியிருக்கும் விவசாயிகள் பலர். மின் இணைப்பு கிடைக்காத கிணறுகளிலும் இதுவே துணை. சம்பா நெல் பூக்கும் தருணத்தில் என்ஜின் நின்று, மெக்கானிக் வரும் வரை வயல் காய்ந்தால் பதர் கூடி விளைச்சல் குறையும். ஆனால் இப்படி நிற்கும் என்ஜின்கள் பலவற்றில் உடைந்தது எதுவும் இராது. டீசல் குழாயில் காற்றோ, தண்ணீரோ, அழுக்கோ புகுந்திருக்கும். இரண்டு ஸ்பானர்களும் சிறிது பொறுமையும் இருந்தால் விவசாயியே இதைச் சரி செய்யலாம்.

டீசல் என்ஜினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்று பதினாறு, பதினேழு மடங்கு அமுக்கப்படும் போது எழும் சூட்டிலேயே டீசல் பற்றிக் கொள்கிறது. அதை நுண் துளிகளாகப் பீச்சுவது நாசில். நாசில் திறக்கச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 200 கிலோ அழுத்தம் வேண்டியிருக்கும் என்ஜின்கள் உண்டு. குழாயில் டீசல் மட்டும் இருந்தால்தான் பம்பு இந்த அழுத்தத்தைக் கொடுக்க முடியும். காற்று இருந்தால் பம்பு தள்ளும் போதெல்லாம் அது பஞ்சு போல் அமுங்கிக் கொடுக்கும், நாசில் திறக்காது. 'ஏர் பிடித்து விட்டது' என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். டாங்க் வற்றும் வரை ஓட்டுவதே இதற்கு முதற் காரணம். இணைப்புகள் தளர்ந்திருந்தாலும், செம்பு வாஷர் தேய்ந்திருந்தாலும் காற்று நுழையும்.

காற்றை வெளியேற்றும் முறை

முதலில் டாங்கில் டீசலை நிரப்பிக் குழாயைத் திறக்க வேண்டும். ஃபில்டரின் மேலுள்ள சிறு திருகை இரண்டு சுற்று தளர்த்தினால் டீசல் நுரைத்துக் கொண்டு வரும். நுரை அடங்கிக் குமிழின்றி ஒழுகும் போது, ஒழுகிக் கொண்டிருக்கும் நிலையிலேயே திருகை இறுக்க வேண்டும். நின்ற பிறகு இறுக்கினால் மறுபடி காற்றுத்தான் உள்ளே போகும். டீசல் பம்பிலுள்ள திருகிலும் இவ்வாறே செய்யவும். கடைசியாக, நாசிலுக்குச் செல்லும் குழாயின் நட்டை அந்த முனையில் அரைச் சுற்று தளர்த்தி, டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி வைத்து ஹாண்டிலைச் சுற்ற வேண்டும். டீசல் விட்டு விட்டு வெளிவந்ததும் நட்டை இறுக்கி விடலாம். மீண்டும் சுற்றும் போது நாசிலில் 'கிர்ரீச்' என்ற ஒலி கேட்டால் காரியம் முடிந்தது எனக் கொள்ளலாம்.

நாசில் பீச்சும் டீசலுக்கு நேரே கையை நீட்டக் கூடாது. தோலைத் துளைத்து உட்புகும் வேகம் அதற்கு உண்டு. ஹாண்டிலைப் பிடிக்கையில் கட்டை விரலை மற்ற விரல்களின் பக்கமே வைத்துக் கொள்ள வேண்டும். என்ஜின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு தப்பும். மேல்துண்டையும் தொங்கும் வேட்டியையும் பெல்ட்டின் அருகே கொண்டு செல்லலாகாது.

வேலை முடிந்த மாலையிலேயே டாங்கை நிரப்பி வைப்பது நல்லது. பாதி காலியான டாங்கில் இரவுக் குளிரில் காற்றின் ஈரம் நீராகப் படிந்து அடியில் தங்கும். இணைப்பில் விநாடிக்கு ஒரு சொட்டுக் கசிந்தால் மணிக்கு 3,600 சொட்டு மண்ணுக்குப் போகிறது என்பதையும் கணக்குப் பார்க்க வேண்டும்.

புகையைப் பார்த்தே சில கோளாறுகளை ஊகிக்கலாம். கரும்புகை வந்தால் பளு மிகுதி, அல்லது ஏர் கிளீனர் அடைத்துள்ளது. கதிரடிக்கும் களத்தருகே ஓடும் என்ஜினுக்குத் தூசி அதிகமாதலால் ஏர் கிளீனரை அன்றாடம் பார்ப்பது அவசியம். நீலப்புகை என்ஜின் ஆயில் எரிவதைக் காட்டும். அளவுக் கோட்டுக்கு மேல் ஆயில் ஊற்றியிருந்தாலும் இது நேரும். வெண்புகை, டீசலில் தண்ணீர் கலந்ததாலோ சரியாக எரியாததாலோ வருவது.

பல பம்புசெட்டுகளில் பம்பு தள்ளும் தண்ணீரில் ஒரு பகுதியே என்ஜினையும் குளிர்விக்கிறது. ஆகவே வாய்க்காலில் மிதந்து வரும் சருகு புட்வால்வை அடைத்தால் வயலுக்கு நீர் நிற்பதோடு என்ஜினும் கொதித்து விடும். பழைய மூங்கில் கூடை ஒன்றைப் புட்வால்வைச் சுற்றிக் கட்டுவது செலவில்லாத காப்பு. சூடேறிய என்ஜின் மீது பச்சைத் தண்ணீரை ஊற்றினால் சிலிண்டர் ஹெட் வெடிக்கலாம். நிறுத்தி, தானே ஆற விடுவதே முறை.

லீவரைத் தூக்காமல் ஹாண்டிலை மெதுவாகச் சுற்றும் போது விறைப்பின்றி எளிதாகச் சுழன்றால் வால்வோ ரிங்கோ தேய்ந்திருக்கக் கூடும். அது பட்டறை வேலை. டீசல் பம்பையும் நாசிலையும் பிரிப்பதும் அப்படியே. ஒரு மணல் துகள் சிக்கினாலும் கெட்டுப் போகும் அளவுக்கு அவை நுட்பமாகப் பொருந்தியவை. வேப்ப மரத்தடியில் சாக்கை விரித்துப் பிரிக்கத் தக்கவை அல்ல. அவற்றைக் கழற்றி அனுப்புவோர், திறந்திருக்கும் குழாய் முனைகளைச் சுத்தமான துணியால் கட்டி வைக்க வேண்டும்.