கொழும்பைப் பார்க்க ஒரு நாள்

நல்லதண்ணியிலும் மஸ்கெலியாவிலும் உள்ள நம் குடும்பப் பெண்களிடம் "கொழும்பு பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டால், பலர் "போயிருக்கிறோம்" என்பார்கள். போவது வேறு, பார்ப்பது வேறு. பெரியாஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள். வெளிநாட்டு வேலைக்காக ஏஜென்சி வாசலில் காத்திருந்திருப்பார்கள். கல்யாணப் புடைவை எடுக்கப் புறக்கோட்டையில் ஆண்களின் பின்னால் பை சுமந்து நடந்திருப்பார்கள். இருட்டியதும் பஸ் ஏறிவிடுவார்கள். அந்த நகரத்தில் தமக்கும் ஒரு பங்கு உண்டென்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

நம் ஊரிலிருந்து கொழும்புக்குப் போகும் வழி புதிதன்று. உலகம் சுற்றிய இப்னு பதூதா 1344இல் நம் தலைக்கு மேலே நிற்கும் பாவா ஆதம் மலையில் ஏறி இறங்கினார். தேவேந்திரமுனை, காலி வழியாகக் கொழும்பை அடைந்தார். அதைக் 'கலன்பு' என்று குறித்து, செரந்தீபின் அழகிய பெரிய நகரங்களுள் ஒன்று என்றும் எழுதிவைத்தார். அவரும் அங்கே நெடுநாள் தங்கியவரல்லர். குறுகிய பயணத்திலும் கண்ணைத் திறந்து வைத்திருந்தார், அவ்வளவுதான்.

சகோதரிகளே, ஒரே பகல்தான் கிடைக்கும் என்றால் முதலில் கறுவாத்தோட்டத்து தேசிய நூதனசாலைக்குப் போங்கள். கடைத்தெருவுக்கு முதலில் போனால் பையும் களைப்பும் சேர்ந்துவிடும். ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில் 1877இல் திறக்கப்பட்ட வெள்ளை மாளிகை அது. கட்டி முடித்தவர் வாப்பிச்சி மரிக்கார் என்னும் நம்மவர். புறக்கோட்டைப் பழைய நகர மண்டபமும் அவர் கட்டியதே. திறப்பு விழாவில் "உமக்கு என்ன வேண்டும்?" என்று ஆளுநர் கேட்க, "வெள்ளிக்கிழமைகளில் இதை மூடிவைக்க வேண்டும்" என்றாராம். பொன்னும் பட்டமும் கேட்டிருக்கலாம். ஜும்ஆ நாளைக் கேட்டார் என்பது வழிவழி வரும் செய்தி.

உள்ளே கண்டி அரசரின் சிம்மாசனத்தைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். அதைப் பார்த்துவிட்டு, காலியிலிருந்து கொண்டுவந்த ஒரு கல்லைக் கேட்டு விசாரித்து அதன்முன் சற்று அதிக நேரம் நில்லுங்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்த கல் அது. பொறிக்கப்பட்ட ஆண்டு 1409. முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் அவர். ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தென்னாவர நாயனார் என்னும் தெய்வத்துக்கும் காணிக்கை சொல்லப்படுகிறது. பாரசீகப் பகுதி இஸ்லாத்தைச் சார்ந்தது. அப்பகுதி மிகவும் தேய்ந்துவிட்டது. 1911இல் காலியில் இது கண்டெடுக்கப்பட்டபோது ஒரு மதகை மூடும் பலகையாகக் கிடந்ததாம்! பிள்ளைகளைத் தமிழ் வரிகளின் எழுத்தைத் தேடச் சொல்லுங்கள். ஆறு நூற்றாண்டுக்கு முந்திய எழுத்து, எளிதில் பிடிபடாது. தேடட்டும்.

பிறகு புறக்கோட்டை. இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் ஜாமிஉல் அல்பார் பள்ளியை நம்மவர் சம்மாங்கோட்டுப் பள்ளி என்பர். 1908இல் தொடங்கி 1909இல் முடிந்த கட்டடம். அமைத்தவர் சாய்பு லெப்பை. மாதுளம்பழம் பிளந்தது போன்ற அந்த மினாராக்களை எதிர்ப்பக்கத்தில் நின்றால்தான் முழுதாகக் காணலாம். ஞாயிறன்று கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். கட்டடம் பார்க்க அதுவே வசதி. புடைவை எடுக்க உதவாது.

தொழுகையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நல்லதண்ணியிலிருந்து கொழும்பு ஷாபிஈ மத்ஹபின்படி பயணத் தூரமே. ஆகவே லுஹரையும் அஸரையும் சேர்த்து இரண்டிரண்டு ரக்அத்தாகத் தொழலாம். ஆனால் பெண்களுக்கு இடமுள்ள பள்ளி எதுவென்று ஆண்கள் முன்கூட்டியே விசாரித்து வைக்க வேண்டும். நடுத்தெருவில் நின்றுகொண்டு "இங்கே பெண்களுக்கு இடமில்லை" என்று சொல்வது ஏற்பாடு ஆகாது.

மாலையில் காலிமுகத்திடல். அங்குள்ள நடைபாதையை 1859இல் முடித்த ஆளுநர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்கள், பிள்ளைகள் நன்மைக்காக அதைப் பேணும்படி பின்வருவோரைக் கேட்டுக் கல்லில் பொறித்து வைத்தார். இஸ்ஸோ வடை வாங்கப் போகும் வாப்பா திரும்பும்வரை அந்தக் கல்லைத் தேடிக்கொண்டிருக்கலாம்.

பஸ் பயணம் கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை வழியே ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. ஸுப்ஹு தொழுததும் கிளம்புங்கள். ஓர் இரவு தங்க உறவினர் வீடு இருந்தால் இன்னும் நல்லது; உம்மாமார் மறுநாள் காலையில் கடலை அவசரமின்றிப் பார்ப்பார்கள்.