போர்வையும் கோடரியும்

சென்னிமலை என்றதும் தமிழகத்துக் குடும்பங்களின் நினைவுக்கு வருவது போர்வை. அவ்வூர்க் கைத்தறிகளில் நெய்த பெட்ஷீட்டும் தலையணை உறையும் நம்மில் பலருடைய வீட்டுப் பெட்டியில் இன்றும் இருக்கும். நிக்காஹ் சீர்வரிசையோடு வந்தவையும் அவற்றுள் உண்டு. அந்தப் போர்வையை நெய்த கைகளுக்கு வேலை இல்லாமற் போனால் என்ன செய்வது? இக்கேள்வி அவ்வூருக்குப் புதிதன்று.

தனித்து நின்ற நெசவாளி நூலுக்கும் விற்பனைக்கும் பிறர் கையை எதிர்பார்த்திருந்த காலத்தில், 1941 இல், எம்.பி. நாச்சிமுத்து அவர்களின் முயற்சியால் சென்டெக்ஸ் என்னும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் அங்கே தோன்றியது. சங்கம் நூலைக் கொடுக்கும். நெசவாளி துணியாக்கித் திருப்பித் தந்து கூலி பெறுவார். சந்தை சரிந்தால் அந்த இழப்பு முழுவதும் ஒரே வீட்டின் தலையில் விழாது. எளிய ஏற்பாடுதான், ஆயினும் ஓர் ஊரையே தாங்கி நின்ற ஏற்பாடு.

அதன் பின்னரும் சோதனைகள் ஓயவில்லை. 2008 இல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது கரூரிலும் திருப்பூரிலும் ஏற்றுமதி தளர்ந்தது. 2011 ஜனவரியில், நொய்யல் ஆறு மாசுபட்டதை முன்னிட்டு, உயர்நீதிமன்ற ஆணைப்படி திருப்பூரின் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அதே நொய்யலின் கழிவு சென்னிமலைக்கு அருகேயுள்ள ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி நிலத்தையும் கிணற்றையும் கெடுத்திருந்ததால், தறி இல்லையேல் தோட்ட வேலை என்றிருந்த வழியும் பல கிராமங்களில் அடைபட்டிருந்தது. 2020 இல் ஊரடங்கு. 2022 இல் நூல் விலையேற்றம். 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக்கியபோது மீண்டும் திருப்பூருக்கும் கரூருக்கும் அடி. எங்கோ எடுக்கப்படும் முடிவு, கொங்கு நாட்டின் ஒரு தெருவில் அடுப்பை அணைத்துவிடுகிறது.

அன்புச் சகோதர சகோதரிகளே! இத்தகைய வேளையில் என் நெஞ்சில் நிழலாடுவது, அனஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பதாக அபூதாவூதில் இடம்பெறும் ஒரு நிகழ்ச்சி. அதிலும் ஒரு போர்வை வருகிறது.

அன்ஸாரிகளில் ஒருவர் யாசகம் கேட்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தார். வீட்டில் என்ன இருக்கிறது என்று அண்ணலார் வினவினார்கள். ஒரு பாதியைப் போர்த்தி மறுபாதியை விரித்துக்கொள்ளும் முரட்டுத் துணி ஒன்றும், நீர் அருந்தும் பாத்திரம் ஒன்றும் இருப்பதாக அவர் கூறினார். அவ்விரண்டையும் வரவழைத்து அண்ணலாரே ஏலம் விட்டார்கள். இரண்டு திர்ஹம் கிடைத்தது. ஒரு திர்ஹம் குடும்பத்தின் உணவுக்கு. மறு திர்ஹம் கோடரி வாங்குவதற்கு. வாங்கி வந்த கோடரிக்குத் தம் கரத்தாலேயே காம்பு பொருத்திக் கொடுத்து, விறகு வெட்டி விற்குமாறும், பதினைந்து நாட்கள் தம் கண்ணில் படலாகாது என்றும் பணித்தார்கள். அவர் பத்து திர்ஹத்துடன் திரும்பி வந்தார். (இதன் அறிவிப்பாளர் தொடர் குறித்து ஹதீஸ் கலை அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் கயிற்றை எடுத்துச் சென்று விறகு சுமப்பது யாசிப்பதினும் மேல் என்னும் கருத்து புகாரியிலேயே உள்ளது.)

இரண்டு திர்ஹமும் உணவுக்குச் செல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நம்மவர் செய்வது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. வேலை நின்ற முதல் மாதம் நகை அடகுக்குப் போகிறது. இரண்டாம் மாதம் வட்டிக்கடன். மூன்றாம் மாதம் தறியோ தையல் இயந்திரமோ விலைபோகிறது. போர்வையை விற்கலாம், கோடரியை விற்கலாகாது. தறி மரத்தைக் கழற்றி விற்றுத் தறிக்குழியை மூடிய வீட்டில் மறுபடி தறி பூட்டுவது எளிதன்று. இடங்கொடாத வீடென்றால் பிரித்துப் பரணில் வைக்கலாமே!

வேறு வேலை தேடுவோர், தம்மிடம் ஒன்றும் இல்லை என்றே எண்ணிவிடுகின்றனர். இருபதாண்டு பாவு பிணைத்தவரின் கண், அறுந்த இழையையும் தப்பிய நிறத்தையும் ஒரு நொடியில் கண்டுபிடிக்கும். பெருந்துறை சிப்காட் ஆலைகளிலும் ஈரோட்டுத் துணிக்கடைகளிலும் அந்தக் கண்ணுக்கு வேலை உண்டு. “ஏதாவது வேலை” என்று கேட்பவரைவிட “துணி சோதித்துத் தருவேன்” என்று கேட்பவருக்கு விரைவில் பதில் கிடைக்கும். வீட்டில் தார் சுற்றிய பெண்மணி ஓரம் தைக்கவும் உறை தைக்கவும் சில வாரங்களில் பழகிவிடலாம்.

விற்பனை நம் சமுதாயத்துக்குக் கைவந்த கலை. பள்ளப்பட்டியார் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளிமாநிலங்களுக்கும் சென்றவர்கள். வாரந்தோறும் ஈரோட்டில் கூடும் அப்துல் கனி ஜவுளிச் சந்தையில் சிறு முதலுடன் தொடங்கலாம். ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அவர் கேட்டது கடைவீதிக்கு வழி. பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கினார்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. 1985 இல் இயற்றப்பட்ட கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின் கீழ், பின்னர் 11 வகைகளாகச் சுருங்கிய பட்டியலில் படுக்கை விரிப்பும் ஒன்று. அப்படியிருந்தும் விசைத்தறித் துணி ‘கைத்தறி’ என்னும் பெயரில் விலைபோகிறது. கையில் காசில்லாத காலத்தில் இந்தச் சிறு பொய் பெரிதாகத் தோன்றாது. மேலே உலர்ந்த தானியத்தையும் கீழே நனைந்ததையும் குவித்து வைத்திருந்த வணிகரை அண்ணலார் (ஸல்) கண்டித்ததை நாம் அறிவோம். நாம் சொல்லும் அந்தப் பொய், சென்னிமலையில் தறிமேல் அமர்ந்திருக்கும் ஒருவரின் கூலியைப் பறிக்கிறது.

குடும்பத் தலைவர்களிடம் ஒரு வார்த்தை. வேலை போனதை மனைவியிடம் மறைத்து, காலையில் சோற்றுப் பாத்திரத்துடன் புறப்பட்டு மாலை வரை பேருந்து நிலையத்தில் அமர்ந்திருப்போர் இருக்கிறார்கள். வேண்டாம்! சிக்கனத்தை நம் பெண்மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. நிலைமை என்னவென்று தெரிந்தால் போதும். மகளின் படிப்பை நிறுத்துவது அந்தச் சிக்கனத்தில் சேராது.

ஜமாஅத் நிர்வாகிகளும் அந்த நபிமொழியை மற்றொரு முறை நினைத்துப் பார்க்க வேண்டும். ரமலானில் அரிசிப் பை வழங்குகிறோம். நல்லது, அது முதல் திர்ஹம். கோடரிக்கான திர்ஹம் எங்கே? தொழில் தெரிந்தவருக்கு அவருடைய கருவியை வாங்கும் அளவுக்கு ஸகாத் வழங்கலாம் என்று ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் எழுதியுள்ளார்கள். கொங்குப் பகுதியில் ஹனஃபிகள் மிகுதி. அவர்கள் தம் உலமாக்களிடம் விளக்கம் பெற்றுக்கொள்ளட்டும். பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாத கைக்கடனாகக் கொடுப்பதற்கு எந்த மத்ஹபிலும் தடையில்லை. கொடுத்தபின், பதினைந்தாம் நாள் அழைத்து எவ்வளவு விற்றது என்று விசாரிக்கவும் ஒருவர் வேண்டும்.

பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் தொழுகை நேரமும் ஜனாஸா அறிவிப்பும் இருக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் இன்னொரு தாள் ஒட்ட இடமுண்டு: யாருக்கு ஆள் தேவை, யாருக்கு வேலை தேவை. வரும் ஜும்ஆவிலேயே ஒட்டலாம்.