ரிப்பனில் தங்கிவிடும் முகங்கள்

ஹைதராபாதில் வீட்டிலேயே ஒளிப்படம் அச்சிட விரும்புவோர், செகந்திராபாத் பார்க் லேனிலுள்ள செனாய் டிரேட் சென்டர் போன்ற கணினிச் சந்தைகளுக்குச் சென்று முதலில் கேட்பது எந்தப் பிரிண்டரில் படம் தெளிவாக விழும் என்பதையே. இன்றைய நிலையில் இங்க்ஜெட் எனப்படும் மைப்பீச்சு முறையும், சாயத்தைச் சூட்டினால் தாளுக்கு மாற்றும் டை-சப்ளிமேஷன் முறையும் கைக்குள் அடங்கும் அளவுப் படங்களைக் குறைசொல்ல இயலாத தரத்தில் தந்துவிடுவதால், கேட்க வேண்டிய கேள்வி வேறு: வாங்கிய பொறி எத்தனை வாரங்கள் தொடப்படாமல் கிடக்கும் என்பதே அது.

இங்க்ஜெட் பொறியில் தலைமுடியினும் மெல்லிய நுண்துளைகள் வழியே மைத்துளிகள் தாளின்மீது பீச்சப்படுகின்றன. கேனன், எச்பி பொறிகளில் சூட்டால் எழும் குமிழியும், எப்சன் பொறிகளில் மின்னழுத்தத்தால் வளையும் படிகமும் துளியைத் தள்ளுகின்றன. வெப்பநிலை 40 பாகையைத் தொடும் தக்காணத்து ஏப்ரல், மே மாதங்களின் வறண்ட காற்றில், நெடுநாள் இயங்காத பொறியின் துளைகளில் மை உலர்ந்து அடைத்துக்கொள்கிறது. அடைப்பை நீக்கும் ‘ஹெட் கிளீனிங்’ ஒவ்வொரு முறையும் படம் எதையும் தராமலேயே மையை உறிஞ்சி, பொறியின் அடியிலுள்ள கழிவு மைப் பஞ்சில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பாஸ்போர்ட் படம் எடுக்கும் கடைகளில் மைத்தொட்டி வகை இங்க்ஜெட் பொறிகள் ஆண்டுக்கணக்கில் உழைப்பதற்கும், அதே வகைப் பொறி வீட்டில் அடுத்த கோடைக்குள் கோடு கோடாக அச்சிடுவதற்கும் காரணம் தயாரிப்பில் இல்லை. கடைப் பொறிக்கு ஓய்வில்லை, வீட்டுப் பொறிக்கு ஓய்வே வேலையாக இருக்கிறது.

டை-சப்ளிமேஷன் பொறியில் நீர்ம மையே கிடையாது. மெல்லிய பிளாஸ்டிக் ரிப்பனில் மஞ்சள், மெஜந்தா, சயான் ஆகிய மூன்று சாயங்களும், நிறமற்ற மேற்பூச்சு ஒன்றும் தாளின் அளவுக்குத் தனித்தனிப் பட்டைகளாக அடுத்தடுத்துப் பூசப்பட்டிருக்கும். தாள் நான்கு முறை முன்னும் பின்னும் செல்ல, வெப்பத்தலையிலுள்ள நுண்ணிய சூடேற்றிகள் ஒவ்வொரு புள்ளியிலும் வேண்டிய அளவு சூட்டை மட்டும் கொடுக்க, அந்தச் சூட்டின் அளவுக்கேற்ப ரிப்பனிலிருந்து சாயம் நகர்ந்து தாளின் மேலுள்ள பாலிமர் படலத்துக்குள் புகுகிறது. மருதாணிச் சாந்து உதிர்ந்த பின்னும் அதன் நிறம் தோலுக்குள் இறங்கி நிற்பதும், சூடுள்ள கையில் அது ஆழச் சிவப்பதும் ஏறக்குறைய இதே நிகழ்வுதான். திடப்பொருள் நேரே ஆவியாகும் பதங்கமாதலால் இது நடப்பதாகக் கருதியே இம்முறைக்குப் பெயர் வைத்தனர். சாயம் ஒரு படலத்திலிருந்து தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் மற்றொரு படலத்துக்கு ஊடுருவுவதே இதில் பெரும்பங்கு என்பது பின்னர் தெளிவாயிற்று. 1980களின் தொடக்கத்தில் சோனி நிறுவனம் மின்னணுக் கேமராவின் படங்களைத் தாளுக்குக் கொண்டுவர வளர்த்தெடுத்த இந்த நுட்பம், இன்று கேனன் செல்ஃபி போன்ற சிறு பொறிகளில் அஞ்சலட்டை அளவுப் படத்தை ஒரு நிமிடத்துக்குள் தருகிறது.

விளம்பர எண்களைப் பார்த்து ஏமாறுவோர் இங்கே மிகுதி. இங்க்ஜெட் பெட்டியின்மேல் அங்குலத்துக்கு 5760 புள்ளிகள் என்றும், செல்ஃபி பெட்டியின்மேல் 300 என்றும் இருந்தால், பின்னது தரம் குறைந்தது என்று முடிவுகட்டிவிடுகின்றனர். இங்க்ஜெட் துளி விழும் அல்லது விழாது. துளியின் அளவைச் சில படிகளில் மாற்ற முடியுமே தவிர, மென்மையான நிழலைப் புள்ளிகளை நெருக்கியும் சிதறியும்தான் அது உண்டாக்க வேண்டும். டை-சப்ளிமேஷனில் ஒரே புள்ளி ஒவ்வொரு நிறத்திலும் 256 அழுத்தங்களை ஏற்பதால், 300 புள்ளிகளிலேயே கன்னத்தின் மெல்லிய நிழல் இடையறாது படிகிறது.

இப்பொறியின் மிகப் பெரிய விந்தை, பயன்படுத்தித் தூக்கியெறியும் ரிப்பனில் இருக்கிறது. படத்தில் மஞ்சள் எங்கே செறிந்ததோ, மஞ்சள் பட்டையில் அந்த இடம் வெளுத்துவிடும். மற்ற இரு பட்டைகளிலும் அவ்வாறே. ஆகவே தீர்ந்துபோன ரிப்பனை வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தால், அச்சிட்ட ஒவ்வொரு படமும் மூன்று நிறங்களில், ஒளியும் நிழலும் இடம்மாறிய நெகட்டிவ்களாக வரிசை குலையாமல் கிடப்பதைக் காணலாம். அந்த மூன்றையும் ஸ்கேன் செய்து, தலைகீழாக்கி, ஒன்றன்மேல் ஒன்று பொருத்தினால் மூலப்படம் மீண்டுவிடும். அடையாள அட்டை அச்சிடும் அலுவலகங்களில் பயன்படுத்திய ரிப்பனைத் துண்டாக்கி அழிக்கச் சொல்வது இதனால்தான். வீடுகளிலோ, குழந்தையின் குளியல் படமும் வளைகாப்புப் படமும் பதிந்த ரிப்பன் முழுதாகக் குப்பை வண்டிக்குப் போய்விடுகிறது. விற்பவர் சொல்வதில்லை, வாங்குபவருக்குக் கேட்கத் தோன்றுவதில்லை.

இதே நகரம் ஒரு காலத்தில் இவ்விஷயத்தில் கருத்தோடு இருந்தது. ஆறாம் நிஜாம் மஹ்பூப் அலி கானின் அரசவை ஒளிப்படக் கலைஞரான ராஜா தீன் தயாள், 1892இல் ஹைதராபாதில் பெண்களுக்கென்றே ஒரு ஸ்டூடியோவைத் திறந்தார். உயர்ந்த மதில்களால் சூழப்பட்டு, ஆண்கள் நுழைவதற்கு இடமில்லாத அந்த ஸ்டூடியோவைக் கென்னி-லெவிக் என்ற ஆங்கிலேயப் பெண்மணி பெண் உதவியாளர்களோடு நடத்தினார். பர்தா முறையைக் கடைப்பிடித்த குடும்பங்களின் பெண்கள் அங்கே அச்சமின்றிப் படமெடுத்துக்கொள்ள முடிந்தது. ஒரு முகத்தை யார் பார்க்கலாம் என்பதைப் படமெடுக்கும் முன்பே முடிவுசெய்த ஏற்பாடு அது. முடிவு குடும்பத்தினுடையதா அந்தப் பெண்ணுடையதா என்பது வேறு விவாதம். தீன் தயாளின் கண்ணாடி நெகட்டிவ்களில் ஆயிரக்கணக்கானவை இன்று தில்லியிலுள்ள இந்திரா காந்தி தேசியக் கலை மையத்தில் காக்கப்படுகின்றன. நெகட்டிவ் என்பது படத்தின் விதை என அறிந்த தலைமுறை அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டியது. அது கண்ணில் படாத தலைமுறை தன்னையறியாமல் தெருவில் போடுகிறது. ரிப்பன் சுருளைக் கார்ட்ரிட்ஜிலிருந்து உருவிக் கத்தரியால் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிப் போட ஐந்து நிமிடம்கூட ஆகாது.

செலவில் டை-சப்ளிமேஷன் ஒளிவுமறைவில்லாதது: 108 தாள்களும் அவற்றுக்குரிய ரிப்பனும் ஒரே பெட்டியில் வருவதால் ஒரு படத்தின் விலை வாங்கும்போதே தெரிந்துவிடும். வெண்மேகப் படமானாலும் நள்ளிரவுப் படமானாலும் மூன்று பட்டைகளும் முழுதாகச் செலவாகும் என்பதும், தாளின் அளவு மாறாது என்பதும் அதன் குறைகள். நாள்தோறும் அச்சிடுவோருக்கும், பெரிய அளவு வேண்டுவோருக்கும், தாத்தா பாட்டியின் கறுப்பு வெள்ளைப் படங்களை மறுபடி அச்சிட முனைவோருக்கும் இங்க்ஜெட்டே ஏற்றது; மூன்று சாயங்களைக் கலந்து கறுப்பை வரவழைக்கும் டை-சப்ளிமேஷனைவிட, தனிக் கறுப்பும் சாம்பல் மைகளும் கொண்ட நிறமி மை இங்க்ஜெட் அந்தப் பழைய படங்களின் நிழல்களுக்குக் கூடுதல் நியாயம் செய்யும். பண்டிகைக்கும் பிறந்தநாளுக்கும் மட்டும் பொறியை எடுக்கும் வீடுகளுக்கு, உலர்ந்துபோக எதுவுமில்லாத டை-சப்ளிமேஷனே போதுமானது.

அதன் படங்களை மேற்பூச்சு காப்பதால், மழைக்கால ஈரமோ விரல்ரேகையோ அவற்றை எளிதில் கெடுப்பதில்லை. ஆனால் பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் வேதிப்பொருட்கள் இச்சாயங்களைப் படத்திலிருந்து வெளியே இழுக்கும் தன்மையுடையவை என்பதால், வழவழப்பான மலிவு பிவிசி உறைகள் கொண்ட ஆல்பத்தில் அவற்றைச் செருகாமல், பாலிபுரொப்பிலீன் உறைகள் கொண்ட ஆல்பத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.